கால் எரிச்சலை ஒரு டாக்டரிடம், மனசை இன்னொரு டாக்டரிடம்

2023 தைப்பூசத்துக்கு சிங்கப்பூரில் நான் பால்குடம் எடுத்தேன். கோவிட் வந்து இரண்டு வருடம் நடை ஊர்வலம் இல்லாமல் போய், மறுபடி நடக்க விட்ட வருடம் அது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் நடந்து முடித்தபோது மனசு நிறைந்திருந்தது. அன்று ராத்திரி பாதம் இரண்டும் எரிந்தன. நடந்த எரிச்சல்தானே, நாளைக்குச் சரியாகிவிடும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். மறுநாளும் எரிந்தது. அடுத்த வாரமும் எரிந்தது. எட்டு மாதம் கழித்து, அதே எரிச்சலோடு, இனி உயிரோடு இருக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கிற இடத்தில் வந்து நின்றேன். காலில் தொடங்கியது எப்படி அங்கே போய் முடியும் என்று கேட்பீர்கள். எனக்கும் அன்று புரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதைக்குள் போகும் முன் ஒன்று. இதைப் படிக்கும் உங்களுக்கே இப்போது அந்த மாதிரி எண்ணம் இருந்தால், மீதியைப் பிறகு படிக்கலாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பேச வராவிட்டால் 9151 1767-க்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். அரசு மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் (IMH) உதவி எண் 6389 2222. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது நாற்பத்தேழு. வேர்ஹவுஸில் சூப்பர்வைசர், ஷிப்ட் வேலை. பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய், பதினோரு வருடமாக அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூட கிடையாது. பால், தயிரும் சர்க்கரை வந்த பிறகு குறைந்துபோனது. சர்க்கரை, மெட்ஃபார்மின், சைவம், குறைந்துபோன பால் என்ற இந்த நான்கு தகவலும் முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எட்டு மாதம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முதலில் வழக்கமாகப் போகும் இடத்தில் சொன்னேன். சர்க்கரை கூடினால் கால் எரியத்தான் செய்யும், வாயைக் கட்டுங்கள் என்றார்கள். அது பொய்யில்லை, அப்போது என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.6 விழுக்காடு, அதிகம்தான். ஆனால் 'சுகர்தானே' என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோனது. அப்புறம் என் சொந்த வைத்தியம் ஆரம்பித்தது. காலணிக்குள் வைக்கும் தனி அட்டை 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கால் பிடித்துவிடும் கடைக்குப் பத்துத் தடவை, தடவைக்கு 40. நண்பன் ஒருவன் முதுகுத்தண்டாக இருக்கும் என்று கிளப்பிவிட, தனியார் நிபுணரிடம் ஸ்கேனும் ஆலோசனையுமாக 1,150. அவர் படத்தைப் பார்த்துப் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி, நரம்பு வலிக்கு ஒரு மாத்திரை எழுதினார். ஜூன் விடுமுறையில் ஊருக்குப் போய் முழு உடல் பரிசோதனை, கஷாயம், தைலம் என்று டிக்கெட்டோடு சேர்த்து ஆயிரத்துக்கு மேல். ஏழரைச் சனி என்று அத்தை சொன்ன பரிகாரத்துக்குக் கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை, அது அத்தையின் திருப்திக்காக. எப்படிக் கூட்டினாலும் 2,800 வெள்ளிக்குக் குறையாது. கடைசியில் காரணத்தைக் காட்டிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நாற்பது வெள்ளிகூட ஆகவில்லை.

பணம் போனது பெரிதில்லை. தூக்கம் போனதுதான் பெரிது. பகலில் வேலை மும்முரத்தில் எரிச்சலை மறந்துவிடலாம். படுத்ததும் போர்வை பட்டாலே நெருப்பு மாதிரி இருக்கும். ஒரு மணிக்கு எழுந்து பாத்ரூமில் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு மணிக்கு ஹாலில் நடப்பேன். தூங்குவது மூன்று மணி நேரம், நல்ல நாளில் நான்கு. பகலில் கண் சொக்காமலிருக்கப் பாலில்லாத காப்பி ஓ நான்கைந்து. ராத்திரி தூங்குவதற்காக பீர். முதலில் ஒன்று, ஆகஸ்டில் மூன்று. குடித்தால் சீக்கிரம் கண் அசரும், ஆனால் மூன்று மணிக்குப் படக்கென்று முழிப்பு வந்து, மனசு கரி பூசியது மாதிரி இருக்கும். மது தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும், தடுமாறும் நேரத்தில் இருக்கிற தடுப்பையும் எடுத்துவிடும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது எனக்கு மருந்து.

ஜூலைக்குள் மனசு மாறிவிட்டது. சோகம் என்று சொல்ல முடியாது, அழுகையெல்லாம் வரவில்லை. ருசி போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றது. கிரிக்கெட் ஓடினால் சேனலை மாற்றினேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் கணக்கில் சந்தேகம் கேட்டதற்குக் கத்தினேன், அவள் அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஓடியது ஒரே வாக்கியம்தான்: இந்த வீட்டுக்கு நான் பாரம். வலிக்குச் செலவு என்னால், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்து ஓவர்டைம் போனது என்னால், வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றதும் என்னால். நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி. படித்துப் பார்க்கும்போது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிகிறது. ராத்திரி மூன்று மணிக்கு, மூன்று மணி நேரத் தூக்கத்தில், எரியும் காலோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அது கணக்குப் போட்டு வந்த விடை மாதிரித் தெரியும்.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். தூக்கத்துக்காகப் பக்கத்து புளோக் கிளினிக்கில் ஒரு டாக்டரைப் பார்த்தேன், அவரிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன், தூக்க மாத்திரை கிடைத்தது. தொட்டதற்கெல்லாம் கத்துகிறேன் என்று மனைவி இழுத்துக்கொண்டு போன இன்னொரு டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை தந்தார், அவரிடம் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மனசு டாக்டரிடம் கால் எதற்கு? சர்க்கரைக்குப் போன இடத்தில் மனசைப் பற்றிச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்த தனியார் நிபுணரிடம் பீரைப் பற்றிச் சொல்லவில்லை. சாகத் தோன்றுகிறது என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான்கு பேரும் அவரவர் கையில் இருந்த துண்டுக்குச் சரியாகத்தான் மருந்து கொடுத்தார்கள். முழுப் படம் என் ஒருவனிடம்தான் இருந்தது, நான் அதைத் துண்டு போட்டு விநியோகம் செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு தாள் எடுங்கள். எங்கே வலி, எத்தனை மாதமாக, எத்தனை மணி நேரம் தூக்கம், என்னென்ன மருந்து (கஷாயம், பவுடர், தூக்க மாத்திரை உட்பட), எவ்வளவு குடி, என்ன சாப்பாடு, மனசு எப்படி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. எல்லாவற்றையும் எழுதி, எந்த டாக்டரைப் பார்த்தாலும் அதே தாளைக் கொடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கும் கடைசி வரியைத் தாள் சொல்லிவிடும். மனச்சோர்வு உள்ளவருக்குத் தீராத வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் தற்கொலை ஆபத்து கூடும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். புற்றுநோய், பக்கவாதம், வலிப்பு போன்ற நோய்கள் வந்தவர்களுக்கும், அதிலும் நோய் இன்னதென்று தெரிந்த முதல் சில மாதங்களில், ஆபத்து அதிகம். ஆனால் உங்களுக்கு வலி இருக்கிறது என்று மனநல டாக்டருக்கும், உங்களுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று வலி டாக்டருக்கும் தெரிந்தால்தானே?

மருந்தோடு வரும் துண்டுத்தாளையும் படியுங்கள். எனக்கு நரம்பு வலிக்குக் கொடுத்தது அடிப்படையில் வலிப்பு நோய்க்கான மருந்து. அந்த வகை மருந்துகளால் சிலருக்கு மனநிலை கெடலாம், தற்கொலை எண்ணம் வரலாம், வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே எச்சரித்த விஷயம் அது. நான் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தேன். ஆஸ்துமாவுக்கும் தோலுக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மாண்டிலுகாஸ்ட், இவற்றிலும் மனநிலை மாற்றத்துக்கான எச்சரிக்கை உண்டு. அதற்காகப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது அதைவிட மோசம். மாற்றம் தெரிந்தால் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசி. லிட்டில் இந்தியாவில் தீபாவளி விளக்கெல்லாம் போட்டாயிற்று. மனைவியும் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து படம் காட்டினார்கள், நான் பார்த்த மாதிரி நடித்தேன். இரண்டு நாள் கழித்து, விடிகாலை மூன்றரை மணிக்கு நான் சமையலறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது மனைவி வந்து விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என்னங்க, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. செத்துடலாம்னு தோணுதா உங்களுக்கு?" என்றாள். பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தை வெளியே வந்ததும் எட்டு மாதமாகப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்பது ஆபத்தைக் கூட்டாது, கேட்கப்பட்டவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அவளிடம் பின்னால் கேட்டேன், எப்படித் தைரியம் வந்தது என்று. "கேக்காம இருந்தா அப்புறம் யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்றாள்.

அவள்தான் 1767-க்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்த வாரத்தில் நானே இரண்டு தடவை அந்த எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன் வெட்டியிருந்தேன். காரணம் வெட்கம் மட்டுமில்லை. போலிஸ் வரும், கேஸ் ஆகும், வேலை போகும் என்ற பயம். நம் ஆட்களில் நிறைய பேருக்கு இன்னும் அந்த நினைப்பு இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் இல்லை. முயற்சியே குற்றமில்லாத ஊரில், எண்ணம் வருகிறது என்று உதவி கேட்பது எங்கே குற்றமாகும்? இது தெரியாமல் நான் பல ராத்திரிகளை வீணாக்கினேன். போனில் பேசியவர் நாற்பது நிமிடம் இருந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிச்சம் வருவதற்குள் டாக்சி பிடித்து மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு இப்படி நேரத்தோடு சம்பந்தமில்லாமல் எப்போதும் போகலாம், யாருடைய கடிதமும் தேவையில்லை.

அங்கே என்னைப் பார்த்தது வயதில் மிகவும் சின்ன டாக்டர். மனசைப் பற்றிக் கேட்பார் என்று தயாராகப் போனால், பாதி நேரம் உடம்பைப் பற்றியே கேட்டார். குறட்டை விடுவீர்களா, எடை மாறியதா, கால் எரிச்சலா மரத்துப்போவதா, எவ்வளவு குடி, என்னென்ன மாத்திரை. பதினோரு வருடம் மெட்ஃபார்மின் என்றதும் நிமிர்ந்தார். "சைவமா?" என்றார். ஆமாம் என்றேன். "ரத்தத்தில் வைட்டமின் பி12 எப்போது பார்த்தீர்கள்?" பார்த்ததே இல்லை. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடும்போது குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம், சைவச் சாப்பாட்டில் அது ஏற்கெனவே குறைவு, கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில வருடம் ஆகும் என்று விளக்கினார். அது குறைந்தால் நரம்பு கெடும், அசதி வரும், மனச்சோர்வும் வரலாம். ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம் என்பதுதான் என்னைக் கவிழ்த்த விஷயம். ஊரில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் நன்றாக இருந்ததால் எல்லோரும் அதோடு நின்றுவிட்டார்கள். 2022-லேயே பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு இப்படி அறிகுறி இருந்தால் பி12 பாருங்கள் என்று சொல்லியிருந்தது என்பதை அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

அன்று என்னை அட்மிட் செய்யவில்லை, மனைவி கூட இருப்பாள் என்று உறுதி சொன்ன பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் ஒரு தாளில் எழுத வைத்தார்: என்ன அறிகுறி வந்தால் நான் சரிவில் இருக்கிறேன் என்று அர்த்தம், அப்போது முதலில் என்ன செய்வேன், யாரை எழுப்புவேன், எந்த எண்ணுக்குப் பேசுவேன். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சேர்ந்திருக்கும் என்பதால், எல்லாவற்றையும் மனைவி பூட்டி வைத்து வாரத்துக்கு வாரம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முதலில் அவமானமாக இருந்தது. குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. ஆனால் மோசமான ராத்திரி என்பது பெரும்பாலும் சில மணி நேரம்தான், அந்த நேரத்துக்குத் தூரம் இருந்தால் போதும் என்று அவர் சொன்னதை நம்பினேன். பீரையும் அன்றோடு நிறுத்தினேன். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் இதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது, ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு கோளாறு பண்ணும்.

ரிசல்ட் வந்தபோது தைராய்டு சரியாக இருந்தது. பி12 தரையில் கிடந்தது. வாரம் ஒரு ஊசி என்று தொடங்கி, பிறகு மாதம் ஒன்று. மனச்சோர்வு மாத்திரையை நரம்பு வலிக்கும் வேலை செய்யும் டுலோக்செட்டினுக்கு மாற்றினார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். முதல் சில வாரத்தில் உடம்புக்குத் தெம்பு வந்து மனசு மட்டும் பின்தங்கியிருக்கும் காலம் ஒன்று உண்டு, அப்போது கூட இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இளம் வயதினருக்கு இன்னும் கூடுதல் கவனம். எனக்கு மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி பழைய எண்ணம் முழு வேகத்தில் வந்தது. இந்தத் தடவை அந்தத் தாளில் எழுதியபடி மனைவியை எழுப்பினேன். இரண்டு பேரும் டீ போட்டுக் குடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். தீபாவளி அதற்கு முந்தைய வாரம்தான் போயிருந்தது, டப்பாவில் முறுக்கு மீதி இருந்தது.

ஊசி போட்டதும் எல்லாம் பறந்துபோயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. முதலில் திரும்பியது தூக்கம், அதுவும் ஐந்தாவது வாரம்தான். நோட்டில் தூங்கிய நேரத்தையும், எண்ணம் வந்ததா என்பதையும் குறித்து வந்தேன். ஐந்து மணி நேரம் தாண்டித் தூங்கிய ராத்திரிக்கு அடுத்த நாள்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருந்தது. எரிச்சல் குறைய நான்கு மாதம் ஆனது. மனச்சோர்வுக்குப் பி12 மட்டும் காரணம் என்றும் டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். சர்க்கரை, குடி, ஷிப்ட், என் வாய் திறக்காத குணம் எல்லாம் சேர்ந்ததுதான். மாத்திரையும் ஆலோசனையும் ஒன்றரை வருடம் போனது. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, அது நல்ல மருந்து. பி12 பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

செலவைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் அதுவும் என்னைத் தடுத்தது. பலதுறை மருந்தகத்தில் காட்டி அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நிபுணர் கட்டணத்தில் மானியம் உண்டு. நேராகத் தனியாரிடம் போய் நான் கொட்டிய 1,150-இல் அது கிடையாது. நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவிலிருந்து (சம்பளத்தில் பிடித்து மருத்துவச் செலவுக்குச் சேரும் நம் கணக்கு) எடுக்கும் திட்டத்தில் நீரிழிவு மட்டுமில்லை, பெரும் மனச்சோர்வும் இருக்கிறது. நான் எடுத்த காலத்தில் வருடத்துக்கு 500 வெள்ளி, நோய் சிக்கலாக இருந்தால் 700, பில்லில் பதினைந்து விழுக்காடு கையிலிருந்து. மனசுக்கு மெடிசேவ் கிடையாது என்று நானாக முடிவு செய்து யாரையும் கேட்காமலே இருந்தேன்.

மகளிடம் சொல்ல மார்ச் மாதம் வரை ஆனது. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம்தான் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். "அன்னைக்குக் கணக்குக் கேட்டப்போ கத்துனீங்களே, அதுக்கும் காலுதான் காரணமாப்பா?" என்று கேட்டாள். பாதி கால், பாதி நான் என்றேன்.

இடது கட்டை விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அது திரும்பாது போலிருக்கிறது, கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருந்தால் திரும்பியிருக்கலாம். சர்க்கரையும் மரத்த காலும் உள்ளவன் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கல் குத்தினால்கூடத் தெரியாதாம். அதனால் பால்குடம் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றினேன். மனைவி ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டு, உப்புக் குறைவு என்றாள்.